தடுப்பூசியும் வீட்டு இன்சுலினும் ஒன்றல்ல

சர்க்கரை நோயுள்ள குழந்தைக்குப் பெற்றோரே வீட்டில் இன்சுலின் போடும்போது தடுப்பூசியை மட்டும் ஏன் வீட்டில் போடக்கூடாது என்று நான் படித்த ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் கேட்பது நியாயமே. ஆனால் சிக்கல் ஊசி குத்துவதில் மட்டும் இல்லை. பெரும்பாலான தடுப்பு மருந்துகள் தயாரான இடத்திலிருந்து குழந்தையின் உடலில் ஏறும் வரை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தாக வேண்டும். அடிக்கடி திறந்து மூடும் வீட்டு ஃபிரிட்ஜில் அதற்கு உறுதியில்லை. என் மகளின் ஒன்றரை மாத ஊசிக்காக ஒரு புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றிருந்தபோது, செவிலியர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்து, அதன் மேலிருந்த வட்டத்துக்குள் உள்ள சிறு சதுரம் வெளுப்பாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே மருந்தை ஏற்றினார். வெப்பம் பட்டுக்கொண்டே இருந்தால் அந்தச் சதுரம் கறுத்துவிடுமாம்.

பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைத்தார்கள். கடுமையான ஒவ்வாமை மிக அரிதுதான். ஆனால் வந்துவிட்டால் சில நிமிடங்களுக்குள் அட்ரினலின் என்ற உயிர்காக்கும் ஊசி போட்டாக வேண்டும், அதை எந்தத் தாய் வீட்டில் வைத்திருப்பார்?

அமெரிக்காவில் ஃப்ளூமிஸ்ட் என்ற மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ காய்ச்சல் தடுப்பு மருந்தை, 2 வயது நிறைந்த பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பெரியவர்கள் கொடுக்க 2024 செப்டம்பரில் அனுமதி வழங்கப்பட்டது உண்மை. ஆனால் அதில் ஊசியே இல்லை, மருத்துவரின் பரிந்துரையும் வேண்டும். எனவே வீட்டில் போடச் சொல்வதற்குப் பதில், கூலி வேலையை விட்டுவிட்டு வர முடியாத பெற்றோருக்காகச் சுகாதார நிலையங்களில் மாலை நேரத்திலும் தடுப்பூசி போட ஏற்பாடு செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள்.