படகுக்காரர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்

அரையாண்டு விடுமுறைக்குக் குடும்பத்தோடு ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் மீன் பிடிக்கக் கிளம்புகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். படகுக்காரர் "இன்னைக்குக் கடலுக்கு வேண்டாம்" என்று சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். கூடப் பணம் தருகிறேன் என்று பேரம் பேசாதீர்கள். பிள்ளைகள் ஆசையாக வந்திருக்கிறார்கள் என்று சொல்லி அவர் மனதைக் கரைக்கப் பார்க்காதீர்கள். நாங்கள் போயிருந்த டிசம்பரில் அந்தக் கரையில் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கக் கோபம் வந்தது.

எங்கள் பயணமே அப்பாவுக்காகப் போட்டதுதான். மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களில் தூண்டில் போட்டு வளர்ந்தவர். கெண்டை, கெளுத்தி, விரால் எல்லாம் பார்த்தாயிற்று. கடலில் படகில் உட்கார்ந்து கைத்தூண்டில் இறக்க வேண்டும், ஒரு விளைமீனோ பாறைமீனோ இழுக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அவருடன் வேலை பார்த்தவரின் தம்பி மண்டபம் பக்கம் நாட்டுப்படகு வைத்திருக்கிறார். "வாங்க, என் படகிலேயே கூட்டிட்டுப் போறேன்" என்று அவர் சொல்லியிருந்தார். நரம்பு, முள், ஈயம் எல்லாம் அப்பா ஒரு மாதம் முன்பே வாங்கி வைத்துவிட்டார்.

போய் இறங்கிய அன்று சாயங்காலமே வாடைக்காற்று ஏறிவிட்டது. மறுநாள் காலை படகுக்காரர் வீட்டு வாசலுக்கே வந்து சொல்லிவிட்டார். "காத்து சரியில்லய்யா. பாம்பன்ல மூணாம் நம்பர் ஏத்திட்டாங்க."

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். துறைமுகங்களில் 1 முதல் 11 வரை புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். பகலில் கூண்டுகள், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். 1, 2 என்றால் ஆபத்து எங்கோ தூரத்தில் உருவாகியிருக்கிறது. 3 என்றால் இந்தத் துறைமுகத்துக்கே பலத்த காற்றோடு மோசமான வானிலை வரலாம். 8, 9, 10 என்பவை பெரிய அபாயம். 11 ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். மூன்றுதானே, கீழ் நம்பர்தானே என்று விடுதியில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அந்த மூன்றே இந்தத் துறைமுகத்தைப் பற்றித்தான் பேசுகிறது என்பது அவருக்குத் தெரியவில்லை.

என் கொழுந்தனாரும் விடவில்லை. "கரையோரமாவே ஒரு சுத்து போயிட்டு வந்திரலாமே அண்ணே, கூட வேணும்னா தர்றேன்" என்றார். படகுக்காரர் கோபப்படவில்லை. "நீங்க குடுக்குற காசு ஒரு நாளைக்குங்க தம்பி. படகு போச்சுன்னா நான் மறுபடி எந்திரிக்க அஞ்சு வருசம் ஆகும். அதுவும் பிள்ளைகள வச்சுக்கிட்டுப் போற கடலா இது?" என்றார். அப்பா உடனே தூண்டில் பையை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். தண்ணீரோடு பழகியவருக்கு அந்தப் பதில் போதும்.

கரையோரமாகப் போனால் பயமில்லை என்ற நினைப்பு நம்மில் நிறையப் பேருக்கு இருக்கிறது. பாக் நீரிணைப் பக்கம் கடல் ஆழம் குறைவு, பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீட்டருக்குள்தான். ஆழமில்லாத நீரில் காற்று ஏறினால் அலை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்து அடிக்கும். சின்னப் படகு ஒரு அலையில் ஏறி இறங்குவதற்குள் அடுத்தது உள்ளே கொட்டிவிடும். போதாததற்கு இந்தப் பகுதியில் பாறையும் பவளத்திட்டும் உண்டு. பாம்பன் கால்வாயில் நீரோட்டமும் வேகமாக இழுக்கும். படகுக்காரர் இதையெல்லாம் நமக்கு விளக்கிக்கொண்டிருக்க மாட்டார். வேண்டாம் என்று மட்டும் சொல்வார்.

அங்கே மீனவர்களின் வருடமே காற்றை வைத்துத்தான் ஓடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கச்சான் என்ற அந்தக் காற்று அடித்துத் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும். அப்போது வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம் தொழில் நடக்கும். அக்டோபருக்கு மேல் வாடை வந்தால் இது தலைகீழாகும். இடையில் வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் ஏதாவது உருவானால் இரண்டு பக்கமும் மூடிவிடும். நம் அரையாண்டு விடுமுறை வடகிழக்குப் பருவமழையின் கடைசியில் வந்து விழுகிறது. கோடை விடுமுறையோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலத்தில் மாட்டுகிறது. நாட்டுப்படகுக்குத் தடை இல்லை என்றாலும் மே மாதக் கடைசியில் கச்சான் ஆரம்பித்துவிடும். பள்ளிக்கூட நாட்காட்டியைக் கடல் பார்ப்பதில்லை. கடலில் தூண்டில் போட வேண்டும் என்றுதான் போகிறீர்கள் என்றால் பிப்ரவரி, மார்ச்சில் ஒரு சனி ஞாயிறு பாருங்கள். பிள்ளைக்கு ஒரு நாள் பள்ளி போனால் போகட்டும்.

தனுஷ்கோடி புயலில் அழிந்ததும் இதே விடுமுறைக் காலத்தில்தான். 1964 டிசம்பர் 22 நள்ளிரவு. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில், உள்ளே இருந்த நூறுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. இன்று அங்கே இடிந்த தேவாலயத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, அங்கிருந்து மண்டபம் திரும்பி வந்து படகுக்காரரிடம் "ஒண்ணும் ஆகாதுங்க" என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

அவ்வளவு பழைய காலத்துக்குக்கூடப் போக வேண்டாம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது, எச்சரிக்கை வருவதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்ட கன்னியாகுமரி மீனவர்கள் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. எச்சரிக்கை நேரத்துக்கு வந்து சேர வேண்டும் என்று அந்தக் குடும்பங்கள் தெருவில் உட்கார்ந்து போராடின. இன்று எச்சரிக்கை முன்கூட்டியே கைபேசிக்கு வருகிறது. "மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர், இடையிடையே 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறாவளிக் காற்று, மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்ற அந்த ஒரு வரியை வழக்கமான அறிவிப்பு என்று தள்ளிவிட்டுப் போவதற்கு நமக்கு எந்த உரிமையும் இல்லை. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போனது. அன்று புயலும் இல்லை, மழையும் இல்லை. கள்ளக்கடல், அதாவது காற்றே இல்லாமல் திடீரென்று எழும் பேரலை பற்றிய எச்சரிக்கை மட்டும் இருந்தது.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? காற்று கொஞ்சம் மறைவாக இருந்த தென்கரையில், முழங்கால் தண்ணீருக்கும் இறங்காமல், மணலில் நின்று தூண்டில் வீசினோம். இறால் துண்டுதான் இரை. கடல் கலங்கிப் பழுப்பாகக் கிடந்தது. வீசும்போதெல்லாம் முள்ளில் பாசிதான் வந்தது. அப்பா பொறுமையாக அதைக் கழற்றிக் கழற்றி வீசினார். மத்தியானத்துக்கு மேல் என் மகளுக்கு ஒரு கிழங்கான் மாட்டியது, விரல் நீளம்தான். கொழுந்தனார் மகன் ஒரு ஓராவை இழுத்துவிட்டு வெறுங்கையால் பிடிக்கப் போக, பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பாட்டி ஓடி வந்து தடுத்தார். ஓரா முள் குத்தினால் கை கடுத்து, பிள்ளை இரவெல்லாம் அழுதிருப்பான். அப்புறம் அந்தப் பாட்டியே மீனைக் கீழ்ப்பக்கமாக எப்படிப் பிடிப்பது, முள்ளை எப்படி நறுக்குவது என்று இரண்டு பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுத்தார். மறுநாள் படகுகளை இன்னும் மேலே இழுத்துப் போட வேண்டியிருந்தபோது நாங்களும் கயிற்றைப் பிடித்தோம். அப்பாவும் பிடித்தார், நாங்கள் வேண்டாம் என்று சொல்லியும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, நஷ்டம் யாருக்கு என்று. எங்களுக்குப் போனது ஒரு படகுச் சவாரி. அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் வருமானம் நின்று போயிருந்தது. படகுக்காரருக்கு மட்டுமில்லை. ஐஸ் உடைக்கிறவர், மீன் கூடை தூக்குகிறவர், பஸ் ஏறிப் போய்த் தெருத்தெருவாக மீன் விற்கும் அக்காமார் எல்லோருக்கும்தான். காற்று இறங்கும்வரை கடையில் கடன் சொல்லித்தான் அரிசி. அப்படி இருக்கும்போதும், ஒரு நாள் வருமானத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு தருகிறேன் என்று வெளியூர்க்காரர்கள் நோட்டை நீட்டியும் மாட்டேன் என்கிறார்கள். கஷ்டத்தில் இருக்கிறவரிடம் போய் அப்படி நோட்டை நீட்டுவது பெரிய கொடுமை. ஏதோ ஒரு நாள் யாரோ ஒருவர் அதற்கு மசிந்துவிட்டால், போவது அவர் உயிரும் நம் பிள்ளைகளின் உயிரும்.

முன்பணத்தை நாங்கள் திருப்பி வாங்கவில்லை. அவர் எவ்வளவோ வற்புறுத்தினார். அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று அப்பா சொல்லிவிட்டார். படகுக்கு முன்பணம் கொடுத்திருப்பவர்கள் எல்லோரும் இப்படிச் செய்யலாம். வானிலை கெட்டால் பணம் அவருக்கே என்று முதலிலேயே பேசிவிட்டால், போகாமல் இருக்க அவருக்கும் தைரியம் வரும்.

நாங்கள் தங்கிய விடுதிக்கு அதே வாரத்தில் ஒருவர் கூகுளில் ஒற்றை நட்சத்திரம் போட்டிருக்கிறார். காரணம், "படகு ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லிவிட்டு, கொஞ்சம் காற்று என்றதும் ரத்து செய்துவிட்டார்கள்." இதைப் படிக்கிறவர்களில் அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து அந்த மதிப்பீட்டை எடுக்கச் சொல்லுங்கள். அந்த விடுதிக்காரரும் படகுக்காரரும் அன்று அவர் குடும்பத்தைக் கரையிலேயே வைத்திருந்தார்கள்.