மறுபடியும் அதே ரிவெட்

இன்று காலை பார்சலைப் பிரித்தேன். உள்ளே சின்னப் பெட்டி, பெட்டிக்குள் என் பழைய காருக்கான ரோட்டர், எஞ்சினின் பிளக்குகளுக்குக் கரண்டைச் சுற்றிச் சுற்றிப் பிரித்துக் கொடுக்கிற சின்ன பிளாஸ்டிக் துண்டு. ரோட்டரின் தலையில் பளபளவென்று, தகட்டைப் பிடித்து வைக்கிற அதே ரிவெட் ஆணி. போன ஞாயிற்றுக்கிழமை என்னையும் அப்பாவையும் ரோட்டோரத்தில் நிறுத்திய அதே சாமான். செத்துப்போனதற்குப் பதிலாக அதன் கூடப்பிறந்ததையே அனுப்பி வைத்திருக்கிறார்கள். அப்படியே சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது.

ஒரே வருஷத்தில் மூன்று ரோட்டர். முதலாவது 80 மைல் ஓடியது. இரண்டாவது 300 மைல் சொச்சம். மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை செத்தது, மாட்டி ஒன்பதே நாள். புத்தம்புதுசு. விலை ஆறு பவுண்டு. இந்த ஆறு பவுண்டு சாமானை நம்பித்தான் மொத்த வண்டியும் ஓடுகிறது.

யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வருகிறது. "பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினா அப்படித்தான் இருக்கும்." இதைக் கேட்கும்போதுதான் எனக்கு உண்மையிலேயே பற்றிக்கொண்டு வருகிறது. என் வண்டி 1978-ல் செய்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500. இங்கிலாந்தில் கவென்ட்ரியில், இப்போது நான் இருக்கிற வீட்டிலிருந்து சில மைல் தள்ளி, கேன்லி தொழிற்சாலையில் பிறந்தது. அதன் குறை எல்லாம் எனக்குத் தெரியும். குளிர்காலத்தில் இங்கே ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்பு கதவுக்குக் கீழே உள்ள சில்லைத் தின்றுவிடும். சில் போனால் வண்டியின் முதுகெலும்பே போன மாதிரி. முன்சக்கரத்தைத் தாங்குகிற ட்ரனியனுக்கு கியர் ஆயில்தான் விட வேண்டும். தெரியாமல் கிரீஸை அடைத்துவிட்டு வருஷக்கணக்கில் ஓட்டினால் ஒருநாள் ஒடிந்து, சக்கரம் மடங்கிப் படுத்துக்கொள்ளும். கார்பரேட்டரின் குப்பிக்குள் எண்ணெய் வற்றினால் வண்டி திணறும். இதெல்லாம் வண்டியோடு வந்த புத்தகத்திலும் நாற்பது வருஷமாக இதை ஓட்டுகிறவர்கள் வாயிலும் இருக்கிறது. அந்த வண்டி என்னிடம் எதையும் மறைக்கவில்லை. கேட்டதைச் செய்தால் ஓடும். ஓடியது.

என்னை ரோட்டில் விட்டது 1978 இல்லை. போன வருஷம் எங்கேயோ வார்த்துப் பெட்டியில் போட்ட பிளாஸ்டிக் துண்டு.

இந்த வண்டியை ஏன் வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா மெட்ராஸில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருந்தார். 1961 முதல் அங்கேயே செய்த வண்டி, 948 சிசி. இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் அது, பெயர் மட்டும் வேறு. அதே ஹெரால்டின் சேஸியை நீளம் குறைத்துத்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயர் செய்தார்கள். இரண்டையும் வரைந்தவர் ஒருவரே, இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கெலோட்டி. எஞ்சினும் ஒரே வம்சம்தான், 948-லிருந்து வளர்ந்து வளர்ந்து என் வண்டியில் 1493 சிசி ஆகி நிற்கிறது. சின்ன வயதில் அப்பா பானெட்டைத் தூக்குவதைப் பார்த்திருக்கிறேன். மூடி மட்டுமா, மட்கார்டு, முகப்பு விளக்கு எல்லாம் சேர்ந்து வண்டியின் முன்பாதி முழுக்க முன்னால் சாயும். அப்புறம் அப்பா முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்ப்பார். எஞ்சின் மடியில் கிடக்கிற மாதிரி இருக்கும். எந்தப் புது வண்டியில் அப்படி உட்கார முடியும்? இப்போது பானெட்டைத் திறந்தால் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. ஸ்பிட்ஃபயரில் ஹூட்டை, அதாவது துணிக்கூரையை, மடித்துவிட்டு, மே மாதத்து வெயிலில், இரண்டு பக்கமும் வேலிச்செடி தோள் உயரத்துக்கு ஓடிவர, மணிக்கு 50 மைல் போனால் போதும். கையைத் தொங்கவிட்டால் தரை எட்டிவிடுமோ என்று தோன்றும். அந்தச் சுகத்துக்கு ஈடாக நான் எதையும் பார்த்ததில்லை.

அந்தச் சுகத்தை அப்பாவுக்குக் காட்டத்தான் போனேன். எழுபத்தாறு வயது. மூன்று வாரத்துக்கு வந்திருக்கிறார். அதில் மழை இல்லாத ஞாயிறு ஒன்றே ஒன்று.

ஃபாஸ் வே தெரியுமா? ரோமானியர் போட்ட ரோடு, கோடு கிழித்த மாதிரி போகும். மோர்ட்டன்-இன்-மார்ஷ் தாண்டி ஸ்டோவுக்குப் போகிற வழி. ஸ்டோ மேட்டின் உச்சியில் உட்கார்ந்திருக்கிற ஊர். ஏற்றம் தொடங்கியது. மூன்றாவது கியர் போட்டேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார். "அப்படியே ஹெரால்டு சத்தம்டா" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, எஞ்சின் நின்றது. இருமல் இல்லை, திணறல் இல்லை. சுவிட்சை அணைத்த மாதிரி. பின்னால் ஒரு வேன், அதற்குப் பின்னால் ஒரு லாரி. ஒதுங்க இடம் கிடையாது, புல் மேல் பாதி வண்டியை ஏற்றி நிறுத்தினேன். ஒவ்வொரு லாரி போகும்போதும் வண்டி ஆடியது. நாங்கள் உட்கார்ந்திருக்கிற உயரத்துக்கு அந்த லாரியின் சக்கர நட்டுதான் கண்ணுக்கு நேரே வருகிறது.

"நீங்க உள்ளேயே உக்காருங்கப்பா" என்றேன். கேட்கவில்லை. தன் பக்கத்துப் பானெட் கொக்கியை அவரே கழற்றினார். பானெட்டைச் சாய்த்தோம். பெட்ரோல் இருக்கிறது. பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்த்தேன், பொறி இல்லை. பொறிக்கான கரண்டைத் தருகிற காயிலிலிருந்து வருகிற மெயின் ஒயரைப் பிடுங்கி எஞ்சின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், நீலமாக, தடியாக, டப் டப்பென்று பொறி. ஆக காயில் நல்லாயிருக்கிறது, அதோடு சேர்ந்து வேலை செய்கிற பாயிண்ட் நல்லாயிருக்கிறது, கண்டென்சர் நல்லாயிருக்கிறது. நடுவில் எங்கேயோ கரண்ட் தொலைகிறது. எனக்கு அப்போதே வயிற்றைப் பிசைந்தது. ரோட்டர் உட்கார்ந்திருக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தேன். ரோட்டர் பார்க்கப் புத்தம்புதுசாக இருந்தது. ஒரு கீறல் இல்லை. மெயின் ஒயரின் முனையை அதன் தலைக்கு மேலே ஒரு நூல் இடைவெளி விட்டுப் பிடித்தேன். அப்பா கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். செல்ஃப் சுற்றியது. ஒயரிலிருந்து பொறி குதித்து நேரே ரோட்டருக்குள் இறங்கியது.

இறங்கவே கூடாது. நல்ல ரோட்டராக இருந்தால் அந்தக் கரண்டுக்குக் கீழே போக வழியே இருக்கக் கூடாது. மேலே உள்ள பித்தளைத் தகடு, கீழே ரோட்டரைச் சுற்றுகிற தண்டைக் கவ்வுகிற கிளிப், இரண்டுக்கும் நடுவில் கெட்டியான பேக்கலைட். பழைய காலத்தில் தகட்டை வார்ப்போடு சேர்த்தே பதித்தார்கள். இப்போது செலவு மிச்சம் என்று தகட்டை ரிவெட் அடித்துப் பிடிக்கிறார்கள். அந்த ரிவெட்டின் வால் கிளிப்பின் பக்கத்தில் போய் நிற்கிறது. நடுவில் மெல்லிசாகக் கொஞ்சம் பிளாஸ்டிக். பல்லாயிரம் வோல்ட் அதைத் துளைத்துக்கொண்டு இறங்க எத்தனை நாள் ஆகும்? ஒன்பது நாள் ஆகும். இது விபத்து இல்லை. அதைச் செய்தவனுக்குத் தெரியும், விற்கிறவனுக்கும் தெரியும்.

"பழைய ரோட்டர் வச்சிருக்கியா?" என்றார் அப்பா.

வைத்திருந்தேன். டிக்கியில் ஸ்பானர் சுற்றிய துணிக்குள், எனக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவர் காலத்திலிருந்து கிடக்கிற லூக்காஸ் ரோட்டர். தகட்டின் ஓரம் கருகி, கொஞ்சம் தேய்ந்து இருந்தது. சர்வீஸுக்கு மாற்ற வேண்டும் என்பதற்காகத்தான் நான் அதைக் கழற்றினேன். ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றினேன். அப்பா கைக்குட்டையால் துடைத்து, கட்டை விரலால் அழுத்தி மாட்டினார். அரைச் சுற்றில் எஞ்சின் பிடித்தது. வீடு வரைக்கும் 35 மைல் ஒரு பிசிறு இல்லாமல் ஓடியது.

பழைய பிரிட்டிஷ் வண்டிகளுக்கு மின்சாமான் செய்த லூக்காஸ் கம்பெனி என்றாலே உலகம் முழுக்கக் கிண்டல். 'இருட்டின் இளவரசன்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். சென்னைக்காரர்களுக்குப் பாடியில் லூக்காஸ் ஸ்டாப்பிங் தெரியும், அதே லூக்காஸ்தான். கிண்டல் செய்கிறவர்கள் எல்லாம் அந்தக் கருகிய ரோட்டரை ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். என் மூன்று புது ரோட்டரும் சேர்ந்து ஓடாத தூரத்தை அது சும்மா கடந்திருக்கிறது.

ஆனால் ஸ்டோவுக்குப் போகவில்லை. அப்பாவின் அந்த ஒரே ஞாயிறு புல்மேட்டில் போனது.

திங்கட்கிழமை கடைக்கு போன் செய்தேன். ஐந்து நிமிஷம் சங்கீதம். எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி: "தகுதி பெற்ற மெக்கானிக் பொருத்தினாரா, நீங்களே பொருத்தினீர்களா?"

ரோட்டரை! கட்டை விரலால் அழுத்தினால் உட்காருகிற ரோட்டரை! ஒரு காடி இருக்கிறது, அந்த ஒரு திசையில்தான் அது உட்காரும். தப்பாக மாட்டவே முடியாது. போல்ட் கிடையாது, ஸ்க்ரூ கிடையாது. இதற்கு மெக்கானிக் சான்றிதழ் கேட்கிறார். ரிவெட் விஷயத்தைச் சொன்னேன். "மற்ற வாடிக்கையாளர்கள் யாரும் புகார் சொல்லவில்லையே" என்றார். யாரும் சொல்லவில்லையாம்! இந்த ரோட்டரைப் பற்றி ட்ரையம்ஃப்காரர், எம்ஜிக்காரர், மினிக்காரர் என்று திட்டாத ஆள் இல்லை. சரி, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். முடியாது, மாற்றுப் பொருள்தான் தருவோம் என்றார். வேறு கம்பெனி ரோட்டர் அனுப்புங்கள் என்றேன். பெட்டிதான் வேறு, உள்ளே இருப்பது ஒன்றுதான் என்பதை அவரே சாவதானமாகச் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. அப்புறம் இன்று அதே ரிவெட் வந்து சேர்ந்தது.

ரோட்டர் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்வேன். கண்டென்சர் இதே கதை, சூடானால் மூச்சு விட்டுவிடும். சஸ்பென்ஷன் ரப்பர் புஷ் இரண்டு குளிர்காலத்தில் விரிசல் விடுகிறது. கழற்றிப்போட்ட பழைய புஷ் அத்தனை வருஷம் இருந்திருக்கிறது. 2021 செப்டம்பரில் இங்கே சாதாரண பெட்ரோல் எல்லாம் இ10 ஆனது. பத்து சதம் வரை எத்தனால், பழைய ரப்பரை அரிக்கும். அதனால் கூடுதல் விலை கொடுத்து, எத்தனால் குறைந்த இ5 போடுகிறேன். போதாததற்கு, எத்தனாலைத் தாங்கும் என்று அச்சடித்த பெட்ரோல் குழாயையும் மாற்றினேன். அது போன கோடையில் வெடித்துக் கசிந்தது, சூடான சைலன்சர் குழாய்க்கு ஒரு சாண் தூரத்தில். இதில் ஆள் செத்திருப்பான். சும்மா சொல்லவில்லை, மே மாதத்து வெயிலில் பக்கத்து சீட்டில் பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு போகிற வண்டி இது.

ரிவெட் இல்லாத ரோட்டரும் இருக்கிறது. சிவப்பு நிறம், பழைய முறையில் தகட்டை வார்ப்போடு பதித்தது, விலை கொஞ்சம் அதிகம். ட்ரையம்ஃப் வைத்திருக்கிற ஒரு பெரியவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. நேற்று இரண்டு வாங்கினேன். நல்ல சாமான் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. பிறகு ஏன் கெட்டதைச் செய்து, நல்ல பெட்டியில் போட்டு, புது வண்டிக்காரன் தலையில் கட்டுகிறீர்கள்? அவன் இரண்டு தடவை ரோட்டில் நின்றுவிட்டு, பிரிட்டிஷ் வண்டியே வேண்டாம் என்று விற்றுவிட்டுப் போகிறான். வண்டிக்குத்தான் கெட்ட பெயர்.

இன்னொன்று, இந்தப் பார்சல்காரர். காலையிலிருந்து நானும் அப்பாவும் வீட்டில்தான் இருந்தோம், வாசலை ஒட்டின அறையில். காலிங் பெல் இருக்கிறது, நன்றாக அடிக்கிறது. அதைத் தொடவே இல்லை. கொட்டுகிற மழையில் பார்சலைக் குப்பைத்தொட்டியின் மேல் வைத்து, போட்டோ எடுத்து, 'ஒப்படைக்கப்பட்டது' என்று எனக்கு அனுப்பிவிட்டுப் போயிருக்கிறார். போட்டோவில் எங்கள் ஜன்னல் தெரிகிறது. ஜன்னலுக்குப் பின்னால் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருப்பதும் தெரிகிறது.