மாரத்தான் பாதையில் ஒன்பது மணிக்கு யார் நிற்கிறார்கள்?

கோலாலம்பூரில் இன்னொரு மாரத்தான் நெருங்கிவிட்டது. எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் புதுக் காலணி வாங்கியாயிற்று, பயிற்சிப் படங்களும் போட்டாயிற்று. ஓடப் போகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் வேலை அவர்களுக்குத் தெரியும். இந்தப் பதிவு ஓடாதவர்களுக்கு. தம்பி ஓடுகிறான், மகள் ஓடுகிறாள், வேலையிடத்தில் பக்கத்து மேசைக்காரர் ஓடுகிறார், நாம் தூங்கி எழுந்து பதக்கப் படத்துக்கு ஒரு லைக் போட்டால் போதும் என்று இருக்கிறவர்களுக்கு. அன்றைக்கு எழுந்து வாருங்கள். வந்து சாலையோரத்தில் நில்லுங்கள். எங்கே நிற்பது, எத்தனை மணிக்கு நிற்பது என்பதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு, அதைத்தான் எழுதப் போகிறேன்.

நம் நாட்டில் முழு மாரத்தான் ஊர் தூங்கும்போதுதான் தொடங்கும். கோலாலம்பூரில் டத்தாரான் மெர்டேக்காவிலிருந்து விடிகாலை நான்கு மணி வாக்கில். பினாங்குப் பாலத்து ஓட்டம் அதற்கும் முன்னால், நடுராத்திரி தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே. வெயிலும் புழுக்கமும்தான் காரணம். விடிகாலையில்கூட 24 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காத ஊர் நம்முடையது. காற்றில் ஈரம் 90 விழுக்காட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். வியர்வை கொட்டும், ஆனால் காயாது. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? அதனால் சூரியன் வருவதற்குள் முடிந்த மட்டும் ஓட விட்டுவிடுகிறார்கள். சரியான ஏற்பாடுதான்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதலில் வருகிற கென்யக்காரர்கள் இரண்டரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள். நான்கு மணிக்குத் தொடங்கினால் அவர்கள் கோட்டைத் தொடும்போது இங்கே இன்னும் விடிந்திருக்காது. கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் எடுக்கிற நம் வீட்டுப் பிள்ளைக்கோ 42.195 கிலோமீட்டருக்கு ஐந்து மணி 37 நிமிடம் ஆகும். ஒன்பதரை தாண்டிவிடும். நம்மூரில் சூரியன் உதிப்பது ஏழு மணி வாக்கில். ஆக, மெதுவாக ஓடுகிறவர்தான் கடைசி இரண்டரை மணி நேரமும் வெயிலில் ஓடுகிறார், அதுவும் கால் செத்துப்போன கடைசிப் பகுதியை.

அந்த நேரத்தில் பாதையில் யார் இருக்கிறார்கள்? ஏழு மணிக்கு முடிவுக்கோட்டருகே கூட்டம் நெரியும். ஒன்பது மணிக்கு எல்லாரும் மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். முடிவுக்கோட்டிலாவது ஒலிபெருக்கியும் பாட்டும் இருக்கும். முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் தண்ணீர் கொடுக்கிற தொண்டூழியப் பிள்ளைகளைத் தவிர ஒரு ஈ காக்கை இருக்காது. இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. குரல் அதிகம் தேவைப்படுகிற இடத்தில்தான் குரல் இல்லை.

முப்பது கிலோமீட்டர் தாண்டினால் உடம்பு என்ன ஆகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருக்கிற சர்க்கரை அந்தத் தூரத்துக்குள் பலருக்கும் ஏறக்குறையத் தீர்ந்துவிடுகிறது. மிச்சத்தைக் கொழுப்பை எரித்துத்தான் ஓட வேண்டும், அது மெதுவாகத்தான் எரியும். கால் கல்லாகிவிடும். அதைவிட மோசம், மனசு பேச ஆரம்பிக்கும். எதற்கு இது, யார் கேட்டார்கள், ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளப் பின்னால் வருகிற பேருந்தில் ஏறி உட்கார்ந்துவிடலாமே என்று. அந்தப் பேச்சை நிறுத்த வெளியிலிருந்து ஒரு குரல் வர வேண்டும்.

போன முறை நான் நின்றது 36 கிலோமீட்டர் பலகைக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு மேம்பாலம் இறங்கி முடிகிற இடத்தில். எட்டே முக்கால் இருக்கும். ஒரு அக்கா வந்தார், ஐம்பதைத் தாண்டிய வயது. நடை என்றும் சொல்ல முடியாது, ஒவ்வொரு காலையும் கேட்டுக் கேட்டு எடுத்து வைக்கிற மாதிரி. கறுப்புச் சட்டையில் உப்பு வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டிருந்தது. நெஞ்சில் குத்திய பிப்பில், அதாவது எண்ணும் பெயரும் போட்ட அட்டையில், ஒரு ஊக்கு கழன்று, ஒரு மூலை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர்ச் சாவடியில் கொடுத்த ஸ்பாஞ்சைத் தொப்பிக்கு அடியில் செருகியிருந்தார். அது எப்போதோ காய்ந்துவிட்டது. பிப்பில் இருந்த பெயரைப் படித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நிமிரவில்லை. மறுபடியும் கூப்பிட்டு, “அக்கா, இன்னும் ஆறு கிலோமீட்டர். அடுத்த தண்ணி அந்த வளைவு தாண்டினதும் இருக்கு. அதுவரைக்கும் ஏத்தமே இல்ல” என்றேன்.

அப்போதுதான் பார்த்தார். “நிஜமாவே ஏத்தம் இல்லையாம்மா?”

“நிஜமாத்தான்க்கா. நான் நடந்துதான் இங்க வந்தேன்.”

எனக்குப் பக்கத்தில் கோப்பி பொட்டலத்தைக் கயிற்றோடு விரலில் மாட்டிக்கொண்டு ஒரு சீன அங்கிள் நின்றிருந்தார். அவர் பாட்டுக்கு, “ஜியாயோ ஆன்ட்டி, ஜியாயோ!” என்று தொண்டை கிழியக் கத்தினார். அக்கா கழன்ற மூலையை ஒரு கையால் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார். நடையைவிட ஒரு பிடி அதிகம், அவ்வளவுதான். ஆனால் வளைவு வரைக்கும் நிற்கவில்லை. அங்கிளும் நானும் பார்த்துக்கொண்டே நின்றோம். அவருக்கும் அந்த அக்கா யாரென்று தெரியாது.

அக்காவிடம் நான் சொன்னது பாராட்டு இல்லை, தகவல். எத்தனை கிலோமீட்டர் மிச்சம், தண்ணீர் எங்கே, மேடா பள்ளமா. அந்த நேரத்தில் ஓடுகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. நம்மவர்கள் அன்பு மிகுதியில் செய்கிற தவறு ஒன்று இருக்கிறது, முப்பதாவது கிலோமீட்டரிலேயே “சிகிட் லாகி! சிகிட் லாகி!” என்று கத்துவது. என் தம்பி ஒருமுறை முடித்துவிட்டு வந்து நொந்து போய்ச் சொன்னான்: “31இல ஒரு அண்ணன் ‘இன்னும் கொஞ்சம்தான் தம்பி’ன்னாரு. நல்ல மனுஷன்தான். ஆனா 11 கிலோமீட்டர் கொஞ்சமாக்கா?” தயவுசெய்து பொய் சொல்லாதீர்கள். முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்றால் மட்டும் ‘கொஞ்சம்தான்’ சொல்லுங்கள். மற்ற இடத்தில் உண்மையான எண்ணைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், அதுவே போதும். பெயர் படிக்க முடியாவிட்டால் அண்ணே, அக்கா, பாங், கக், அங்கிள் என்று எதுவானாலும் சரி. கை தட்டுங்கள். அப்புறம், பாதைக்குள் இறங்கிக் கூடவே ஓடிப் படம் எடுக்காதீர்கள், பின்னால் வருகிறவர் தடுக்கி விழுவார்.

இப்படி நிற்பதை நம்மவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தைப்பூசத்துக்கு ஜாலான் துன் எச்.எஸ். லீ மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பிப் பத்துமலை போய்ச் சேரும் வழி முழுக்க நாம் என்ன செய்கிறோம்? ராத்திரி கண்விழித்துத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். மோரும் பானகமும் சோறும், கை நீட்டுகிறவர் யாராக இருந்தாலும் கொடுக்கிறோம். காவடி எடுக்கிறவர் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்துவிட்டா ‘வேல் வேல்’ சொல்கிறோம்? 272 படியில் பாதியில் ஒருவருக்குக் கால் தடுமாறினால், முன்பின் தெரியாத பத்துப் பேர் குரல் கொடுப்பார்கள், அந்தக் குரலிலேயே அவர் ஏறிவிடுவார். நேர்த்திக்கடன் வேறு, ஓட்டப் போட்டி வேறு, இரண்டையும் நான் ஒன்றாக்கவில்லை. ஆனால் வழியில் நிற்கிற ஆளின் குரலுக்கு என்ன பலம் என்று இந்த நாட்டில் நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? அந்தக் குரல் மாரத்தான் பாதையில் மட்டும் ஏன் கேட்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். ஓடுகிற நம்மவர்கள் நிறைய இருக்கிறார்கள். 1998இல் இதே கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் வேகநடையில் தங்கம் வாங்கியவர் ஜி. சரவணன். நெடுந்தூரம் நமக்குப் புதிதே இல்லை.

சாலையோரக் கூட்டத்தால் ஒரு மாரத்தானே பிறந்த கதையும் உண்டு. கிறிஸ் பிராஷர் என்ற பிரிட்டிஷ்காரர், 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் தடை தாண்டும் 3000 மீட்டரில் தங்கம் வாங்கியவர். 1979இல் நண்பர் ஜான் டிஸ்லியோடு நியூயார்க் மாரத்தானில் ஓடப் போனார். ஓடியவர்களைவிட, தெருத்தெருவாக நின்று முகம் தெரியாதவர்களுக்காகக் குரல் கொடுத்த அந்த ஊர் மக்கள்தான் அவர் மனசைப் பிடித்தார்கள். ஊர் திரும்பி அதைப் பத்திரிகையில் எழுதினார். லண்டனில் இது நடக்குமா என்று கேட்டார். 1981 மார்ச்சில் முதல் லண்டன் மாரத்தான் நடந்தது. ஒலிம்பிக் தங்கம் வாங்கிய ஒரு மனிதரையே அசைத்தது நடைபாதையில் நின்றவர்களின் குரல்!

நம் ஊர் நடைபாதையில் சில சமயம் கேட்பது வேறு சத்தம். சாலை மூடியிருக்கிறதென்று ஹாரன் அடிப்பது. தடுப்புக்குப் பக்கத்தில் கண்ணாடியை இறக்கி, வேலை வெட்டி இல்லையா என்று கேட்ட ஒருவரை என் காதால் கேட்டிருக்கிறேன். கோயிலுக்குப் போக வேண்டும், மருத்துவமனையில் வேலை என்று நிஜமான அவசரம் உள்ளவர்களின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஏற்பாட்டாளர்கள் அவர்களுக்கு மாற்றுவழியை இன்னும் தெளிவாக, முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆனால் ஹாரன் சத்தம் போய் விழுவது ஏற்பாட்டாளர் காதில் இல்லை, ஐந்து மணி நேரமாக ஓடி வருகிறவர் காதில்.

அந்த ஒரு நாளுக்குப் பின்னால் எத்தனை மாதம் இருக்கிறது என்று ஹாரன் அடிக்கிறவர்கள் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியலில் புக்கிட் அமான் வாகன நிறுத்துமிடத்துக்குப் போய்ப் பாருங்கள். மழையோ புகைமூட்டமோ, ஓடுகிறவர்கள் பயிற்சிக்கு வருவார்கள். 2013இல் புகைமூட்டத்தால் கோலாலம்பூர் மாரத்தான் தள்ளிப்போனது. 2015இல் அதே புகையால் போட்டியே ரத்தானது. அத்தனை மாதப் பயிற்சியும் அந்தக் காற்றில் போயிற்று. அப்படியும் அடுத்த ஆண்டு வந்து நின்றவர்கள் இவர்கள்.

பினாங்குக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் பாலம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேலே. அங்கே நாம் போய் நிற்க முடியாது. இருட்டில் தன் மூச்சையும் காற்றையும் மட்டும் கேட்டுக்கொண்டுதான் அந்தத் தூரத்தை அவர்கள் ஓட வேண்டும். அதனால் பாலத்தை விட்டுக் கரைக்கு வந்ததும் கேட்கிற முதல் மனிதக் குரல் உங்களுடையதாக இருக்கட்டும். பார்வையாளரை அனுமதிக்கிற இடத்தில், கரைக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் நில்லுங்கள். நேரம் மோசமான நேரம்தான், தெரியும். தைப்பூசத்துக்கு விடிய விடிய பந்தல் பார்க்கிற ஊர் உங்களுடையது, உங்களால் முடியும்.

இந்த முறை நானும் தம்பியின் ஓட்டக் குழுவில் ஓடாத சிலரும் 35க்கும் 38க்கும் இடையில் நிற்கப் போகிறோம். பாதை வரைபடம் வந்ததும் சரியான இடத்தை இங்கே போடுகிறேன். ஏழரைக்கு வந்தால் போதும். உங்கள் ஆள் எத்தனை மணிக்கு வருவார் என்று தெரிய, கிலோமீட்டருக்கு அவர் எடுக்கிற நிமிடத்தை 36ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். எட்டு நிமிடக்காரருக்கு நான்கு மணி 48 நிமிடம், அப்படி. உங்கள் ஆள் கடந்து போனதும் கிளம்பிவிடாதீர்கள், கடைசிப் பேருந்து தாண்டும்வரை இருக்கலாம். சாலைகள் மூடியிருக்கும், காரை வீட்டில் விட்டுவிட்டு எல்.ஆர்.டி.யில் வாருங்கள். குடையும் தொப்பியும் வேண்டும். சாப்பாட்டுப் பொருள் எதையும் ஓடுகிறவர்களுக்கு நீட்ட வேண்டாம், பழக்கமில்லாத வயிறு கெட்டுப்போகும்.

இன்னொரு ஆசை. பாதையில் கொம்பாங் கேட்டிருக்கிறேன், சிங்க நடனத்து முரசு கேட்டிருக்கிறேன், உறுமி கேட்டதில்லை. 36ஆவது கிலோமீட்டரில் உறுமி மேளம் அதிர்ந்தால் செத்த காலும் எழுந்திருக்கும். செந்தூல், கிள்ளான் பக்கம் மேளம் அடிக்கிற தம்பிமார் யாராவது இதைப் படித்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். ஏற்பாட்டாளர்களிடம் அனுமதி கேட்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.