முதல் சிறுகதைத் தொகுப்பை ஜனவரியில் கொண்டுவராதீர்கள்

நவம்பர் பிறந்தால் போதும், புதிதாகக் கதை எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒரே தவிப்பு: சென்னைப் புத்தகக் காட்சிக்குள் முதல் தொகுப்பு வந்துவிட வேண்டும். வேண்டாம். ஜூன், ஜூலையில் கொண்டுவாருங்கள்.

ஜனவரியில் புத்தகக் காட்சி நடக்கும் நந்தனத்துக்கு வருகிற வாசகர் பட்டியலோடு வருகிறார். அது முந்தைய ஆறு மாதத்தில் யாரோ சொல்லி, எங்கோ படித்துச் சேர்ந்த பட்டியல். நூற்றுக்கணக்கான அரங்குகளைச் சுற்றிக் கால் கடுக்க நிற்பவர், பெயரே கேள்விப்படாத ஒருவரின் புத்தகத்தைக் கையில் எடுப்பது அபூர்வம். ஜூலையில் வந்த புத்தகத்துக்கோ ஆகஸ்டில் ஈரோடு இருக்கிறது, அடுத்து மதுரை, மாவட்டப் புத்தகத் திருவிழாக்கள் இருக்கின்றன. நாலு பேர் படித்து, அதில் ஒருவர் ஒரு கதையைப் பற்றி எழுதினால்கூட ஜனவரிப் பட்டியலில் இடம் கிடைத்துவிடும்.

இன்னொரு காரணம் அச்சகம். டிசம்பரில் அங்கே மூச்சுவிட நேரமிருக்காது. பசை சரியாகக் காயும் முன்பே ஓரம் வெட்டிக் கட்டுப்போட்டு அனுப்புவார்கள். விரித்துப் படித்தால் நடுத்தாள் கையோடு வந்துவிடும். மெய்ப்புப் பார்க்க, அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்த, ஒரே ஒரு இரவு கிடைக்கும். யூனிகோடில் அடித்த கதையைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது ‘ஸ்ரீ’யும் ‘க்ஷ’வும் உடையும். மேற்கோள் குறி கேள்விக்குறியாக மாறும். பாட்டி சாதாரணமாகச் சொல்கிற “வந்துட்டியாப்பா” என்பதற்கு இரண்டு பக்கமும் கேள்விக்குறி நின்றால் அந்தக் காட்சியே கெட்டுப்போகும். ஆகவே கணினித் திரையில் பார்த்ததோடு விடாதீர்கள். தாளில் எடுத்து, கதையை இதுவரை படிக்காத ஒருவரிடம் கொடுத்து, வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் ஒரு கதையை நீக்கினால் பொருளடக்கத்தின் பக்க எண்களையும் மாற்ற வேண்டும். அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

புத்தகத்தின் அளவு டெம்மி (கதைப் புத்தகங்களின் வழக்கமான அளவு), பத்துப் பன்னிரண்டு கதை, 128 பக்கம் போதும். 16 பக்க பாரமாக (ஒரே பெரிய தாளில் சேர்த்து அச்சாகி மடிக்கப்படும் பக்கங்கள்) ஓட்டினால் 128 என்பது சரியாக எட்டு பாரம். 131 என்று நின்றால் ஒன்பதாவது பாரத்துக்கும் செலவு, மிச்சம் வெற்றுத்தாள். ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண்ணுக்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்; ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகவே தருகிறது. விலை வைக்கும்போது கடைக்காரரின் கழிவை மறந்துவிடுகிறார்கள். 160 ரூபாய்ப் புத்தகத்துக்கு 40 சதவீதம் கழிவு போனால் கைக்கு வருவது 96. அச்சுச் செலவு, அட்டை, அனுப்பும் செலவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். புத்தகங்களுக்கென்று இருந்த பதிவு அஞ்சல் சலுகையும் 2024 டிசம்பரோடு போய்விட்டது. சிறு பதிப்பாளருக்கு அது பெரிய அடி.

கதைகளின் வரிசைக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். உங்கள் ஆகச்சிறந்த கதையைக் கடைசிக்கென்று சேமித்து வைக்காதீர்கள், முதலில் வையுங்கள். அதுவும் ஐந்தாறு பக்கத்துக்குள் முடிகிற கதையாக இருந்தால் நின்றபடியே படித்துவிடுவார்கள். பன்னிரண்டில் எத்தனை கதை சாவில் முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். முதல் தொகுப்புகளில் நாலைந்தாவது தேறும். ஒரே ஊர், ஒரே பாட்டி, ஒரே சாவு வீடு அடுத்தடுத்து வந்தால் மூன்றாவது கதையில் புத்தகம் மூடப்படும். அவற்றில் இரண்டை எடுத்தே விடலாம். மூன்று பேர் அணிந்துரை எழுதி, கதை 23ஆம் பக்கத்தில் தொடங்குவதும் வாசகரைத் துரத்துகிற வழிதான். ஆசிரியர் உரை ஒரு பக்கம் போதும். பின்னட்டையில் படிப்பு, வேலை, பிறந்த ஊரை அடுக்குவதைவிட ஒரு கதையிலிருந்து நாலு வரி போடுங்கள்.

முதலில் நூறு பிரதி மட்டும் அடியுங்கள். தேவைக்கேற்ப அச்சிடும் வசதி வந்தபிறகு ஆயிரம் பிரதியைக் கட்டிலுக்கடியில் அடுக்க வேண்டிய அவசியமில்லை. இலவசப் பிரதி இருபதைத் தாண்டக் கூடாது. பெரிய பெயர்களுக்கு அனுப்புவதைவிட, சிறுகதைகளைப் பற்றித் தொடர்ந்து எழுதுகிறவர்களுக்கு அனுப்புங்கள், எந்தக் கதையை முதலில் படிக்கலாம் என்று ஒரு துண்டுச்சீட்டோடு. ‘எழுத்து’ பத்திரிகை நடத்திய சி.சு. செல்லப்பா புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அந்த உழைப்பை எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஊர் நூலகத்திலோ கல்லூரித் தமிழ்த் துறையிலோ பதினைந்து பேரைக் கூட்ட முடியும். ஒரு வாரம் முன்பே ஒரே ஒரு கதையை நகலெடுத்துக் கொடுத்துவிடுங்கள். ஆறு பேர் மேடையேறி வாழ்த்துகிற வெளியீட்டு விழாவைவிட, எல்லோரும் படித்துவிட்டு வந்து ஒரு கதையைப் பிரித்துப் பேசுகிற ஒரு மணி நேரத்தில் புத்தகம் அதிகம் விற்கும். அந்தப் பதினைந்து பேரில் இரண்டு பேர் இன்னொருவரிடம் சொல்வார்கள்.

அவர்கள் சுட்டிக்காட்டுகிற பிழைகளை ஒரு பிரதியில் பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். அடுத்த நூறு பிரதிக்குக் கோப்பை அனுப்பும் முன் வடிவமைப்பாளரிடம் அந்தப் பிரதியைக் கொடுக்க வேண்டும்.