வெறும் தண்ணீர்தானே என்று நினைக்க வேண்டாம்

உயர் அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சிப் பாறை உடைக்கும் முறை பற்றிய உங்கள் கட்டுரையில், தண்ணீர் "வேகத்தால் மோதி" பாறையை உடைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மோதல் பாதிக் கதைதான். கருங்கல்லை அமுக்கி நொறுக்க 1,500 பாருக்கு மேல்கூட அழுத்தம் தேவைப்படும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). ஆனால் இழுத்துப் பிளக்க, பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்கு போதும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசலுக்குள் தண்ணீர் புகுந்து, உள்ளேயிருந்து ஆப்பு அடித்த மாதிரி நெம்புகிறது. அதனால்தான் விரிசல் இல்லாத கல் அதிக நேரம் தாக்குப்பிடிக்கும்.

வளைகுடாவில் பாலம் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தபோது, 1,000 பார் தண்ணீரில் கான்கிரீட் உடைப்பதைப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். பிரேக்கர் (குத்திக் குத்தி உடைக்கும் இயந்திரம்) போட்டால் மிச்சமிருக்கும் கான்கிரீட்டிலும் அதிர்வால் நுண்விரிசல் விழும். தண்ணீரில் உடைத்தால் கெட்டுப்போன பகுதி உதிர்ந்துவிடும், உள்ளே இருந்த கம்பி துரு போய் பளிச்சென்று அப்படியே நிற்கும். கல், கான்கிரீட் உடைக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசியும் வெகுவாகக் குறையும். நுரையீரல் கெட்ட கல்லுடைப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

ஆனால் "தண்ணீர்தான், ஆபத்தில்லை" என்ற வரியைத் தயவுசெய்து மாற்றுங்கள். எங்கள் ஆள் ஒருவருக்குக் கையுறைக்கு மேலேயே பீய்ச்சல் பட்டது. ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி, ரத்தம்கூட இல்லை. பிளாஸ்திரி ஒட்டி வேலைக்கு அனுப்பினார்கள். ராத்திரிக்குள் கை வீங்கி அறுவை சிகிச்சை. தோலுக்கு அடியில் தண்ணீரும் அழுக்கும் வெகுதூரம் பரவியிருந்தது. இப்படிப் பட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், உயர் அழுத்தத் தண்ணீர் பட்டது என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.