தடைக்காலத்தில் மிஞ்சிய மீன் எங்கே போகிறது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு விதிக்கும் 61 நாள் மீன்பிடித் தடையால் மீன் பெருகுகிறது, அதனால் மீனவர் வருமானமும் கூடும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை, தடை முடிந்து படகுகள் திரும்பும் காலையில் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் கரைக்கு வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

போன முறை நான் போய் நின்றேன். என் அண்ணன் விசைப்படகில் பங்குக்கு, அதாவது சம்பளத்துக்குப் பதில் வருமானத்தில் ஒரு பங்குக்கு, வேலைக்குப் போகிறார். இறாலும் கணவாயும் வியாபாரியின் பெட்டிக்குப் போன பிறகு படகுத் தளத்தில் ஒரு குவியல் கிடந்தது. விரல் நீளக் காரல், நண்டுக்குஞ்சு, இன்னதென்றே தெரியாத பொடிமீன்கள். எங்கள் பக்கம் இதைச் சங்காயம் என்போம். தீவன மாவுக்குப் போகும், கிலோவுக்கு என்ன பெரிய விலை! ஆனாலும் அன்றைய டீசல் செலவில் ஒரு பகுதியை அதுதான் கட்டுகிறது. அதைப் பிடிக்காதே என்றால் யார் கேட்பார்கள்? நாம் விட்டால் பக்கத்துப் படகு அள்ளிக்கொண்டு போகும்.

அப்புறம் விலை. வலைக்கும் இன்ஜினுக்கும் முன்பணம் கொடுத்தவரிடமே மீனைப் போட வேண்டும், அவர் சொல்வதுதான் கணக்கு.

ஆழ்கடலுக்குப் போங்கள் என்று 2017இல் வந்த அரசுத் திட்டத்தில் படகு 80 லட்சம், மானியம் 70 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ராத்திரி வலை இழுத்துக் காலையில் கரை சேர்ந்து பழகியவருக்கு, நாள்கணக்கில் கடலில் கிடந்து சூரை மீனுக்குத் தூண்டில் போடுவது வேறு தொழில்.

தடையில்லாத நாட்டுப்படகுக்காரர்களுக்கு அந்த இரண்டு மாதம்தான் நல்ல காலம். அவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே?