பத்து டாலருக்கு கேபர்நே வாங்காதீங்க, பெட்டிட் சிரா வாங்குங்க

கலிஃபோர்னியா ஒயின்னாலே நாபா பள்ளத்தாக்குல விளையற கேபர்நேங்கற சிவப்பு ஒயின் திராட்சைதான்னு நம்மாளுங்க மனசுல பதிஞ்சு போச்சு. அது கட்டுப்படி ஆகலன்னா உடனே கடையில பத்து டாலர் கேபர்நே ஒண்ணைத் தூக்கிட்டு வந்து "நாபா மாதிரியே இருக்கு மச்சி"ம்பாங்க. இருக்காதுங்க, இருக்கவும் முடியாது, கணக்கு அப்படி.

நாபாவுல கேபர்நே திராட்சை ஒரு டன் சராசரியா 8,000 டாலருக்கு மேல போகுது. ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 700 பாட்டில் வரும். அப்ப பழத்துக்கு மட்டுமே பாட்டிலுக்கு 11 டாலர் ஆயிடுச்சு, பீப்பா, கண்ணாடி, கார்க், லாரி வாடகை, கடைக்காரர் லாபம் எதையுமே இன்னும் சேக்கல. லேபிள்ல வெறும் கலிஃபோர்னியான்னு போட்டிருந்தா மாநிலத்துல எந்த மூலையில விளைஞ்ச பழமாவும் இருக்கலாம், லேபிள்ல எழுதின திராட்சை 75% இருந்தா சட்டப்படி போதும். அதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா நாபாவ அதுல தேடாதீங்க.

கையில காசு கம்மியா இருந்தா பேர் வாங்காத திராட்சைய வாங்கணும், அவ்ளோதான் என் கட்சி. போன வாரம் நண்பர்கள் வந்தப்ப இதுக்காகவே போகிள் கம்பெனி பாட்டிலா வாங்கி வரிசையா வெச்சேன், எல்லாமே பத்து பன்னெண்டு டாலர் ரேஞ்சு. இவங்க சாக்ரமென்டோவுக்குத் தெக்க கிளார்க்ஸ்பர்க்ல இருக்கிற விவசாயக் குடும்பம். அந்தப் பக்கம் ஆத்துக்கரை மேலயே ரோடு போகும், ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் ஆத்தை விட தாழ்வா தோட்டம். 1968ல 20 ஏக்கர்ல முதல்முதலா திராட்சை வெச்சப்ப அவங்க போட்டது ஷெனின் பிளாங்குங்கற வெள்ளை ஒயின் திராட்சையும் பெட்டிட் சிராங்கற சிவப்பு ஒயின் திராட்சையும்தான். பகல்ல வெயில் கொளுத்தும், சாயங்காலமானா சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடா பக்கத்துலேர்ந்து டெல்டா வழியா குளிர்காத்து வந்துரும், அதனால பழம் நல்லா பழுத்தும் புளிப்பு போகாம நிக்கும்.

அந்தப் புளிப்பு ஷெனின்ல நல்லாத் தெரியுது. பேரிக்கா வாசம், கொஞ்சம் எலுமிச்சை, லேசா. ஃப்ரிட்ஜ்ல நல்லா சில்லுனு எடுத்து மீன் வறுவலோட குடிச்சுப் பாருங்க. மத்த வெள்ளை ஒயின்ல சாவிஞான் பிளாங் பரவால்ல. ஷார்டனேல ஓக்கு மர பீப்பா வாசம், வெண்ணெய் வாசம், அது பிடிச்சவங்களுக்குப் பிடிக்கும், எங்க கூட்டத்துல முதல்ல காலியானதே அந்த பாட்டில்தான்ங்கறதையும் மறைக்காம சொல்லிடறேன்.

சிவப்புல கேபர்நேவும் மெர்லோவும் குறை சொல்ல ஒண்ணும் இல்ல, ஆனா அந்த விலைக்கு அது மாதிரி எந்த கடையிலயும் வரிசையா நிக்குது. வயசான கொடில காய்ச்ச ஜின்ஃபண்டெல் திராட்சை ஒயின் நல்லா பழுத்த ஜாம் வாசத்தோட ஜோரா இருந்துச்சு, ஆனா ஆல்கஹால் தூக்கல், மிளகு சிக்கனோட குடிச்சப்ப காரம் ரெண்டு மடங்காகி ஒருத்தர் தண்ணி பாட்டிலத் தேடி ஓடினாரு. காரத்துக்கு அந்த சில்லு ஷெனினே மேல்.

கடைசியா பெட்டிட் சிரா. கிளாஸ்ல ஊத்தினா அந்தப் பக்கம் இருக்கிற விரல் தெரியாது, அவ்ளோ கருப்பு. பழம் சின்னது, சாறு கம்மி, தோல் ஜாஸ்தி, நிறமும் துவர்ப்பும் தோல்லதான இருக்கு. நாவப்பழம் தின்ன மாதிரி நாக்கெல்லாம் ஊதா. பிரான்ஸ்ல 1880கள்ல டூரிஃப்னு ஒருத்தர் வளத்த திராட்சை இது, அங்க பெருசா யாரும் கண்டுக்கல, கலிஃபோர்னியாவுலதான் வேர் பிடிச்சுது. சிரா, பெலூர்சின்னு வேற ரெண்டு திராட்சை கலந்து பொறந்ததுன்னு 1990கள்ல டேவிஸ் பல்கலைக்கழகத்துல டிஎன்ஏ பாத்துதான் உறுதி பண்ணாங்க. தொறந்த உடனே குடிச்சா முரடாத்தான் இருக்கும், நண்பர் ஒருத்தர் முகத்த சுளிச்சு கிளாஸ கீழ வெச்சுட்டாரு. ஒரு ஜக்குல ஊத்தி ஒரு மணி நேரம் விட்டுட்டு மட்டன் சுக்காவோட குடுத்தேன், அப்புறம் அவரே ரெண்டாவது தடவ ஊத்திக்கிட்டாரு.

இன்னொண்ணு, சிவப்பு ஒயின ரூம் சூட்டுலயே குடிக்கணும்னு யாரு சொன்னாலும் கோடைல கேக்காதீங்க, இருவது நிமிஷம் ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுங்க. ஷெனின வருஷக்கணக்கா அலமாரில அடுக்கி அழகு பாக்காம வாங்கின கையோட தொறந்துடுங்க. பெட்டிட் சிரா வேணா சில வருஷம் தாங்கும், எங்க வீட்ல அதுவும் தங்காது.